அடிக்கோடு போட்ட மாமியார்

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியின் முதலாளி, சிறு தொழில் நடத்துகிறவர்கள் தங்கள் வெப்சைட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தரும் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகிற மனுஷர் அவர். முன்பு ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, மருந்தடிக்கிறவர்களின் சட்டை முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரப்பான்பூச்சியைத் தைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் பஸ்ஸில் ஏறினால் பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறார்கள்.

இந்தத் தடவை அவர் பிடித்துக்கொண்டு வந்தது லிங்க்.

"எழுத்தம்மா, நம்ம சைட்ல லிங்க் பத்தல" என்றார், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல்.

எழுத்தம்மா என்று எல்லோரும் கூப்பிடுவது கம்பெனியின் வெப்சைட்டை எழுதுகிறவளை. முப்பதைத் தாண்டியவள். முன்பு ஒரு பத்திரிகையில் இரங்கல் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தாள்; அந்தக் கை இன்னும் மாறவில்லை. மூட்டைப்பூச்சியைப் பற்றி அவள் எழுதின பக்கத்தைப் படித்துவிட்டுப் போனால் மருந்தடிக்க மனசே வருவதில்லை என்று ஆட்கள் குறைபட்டுக்கொள்வார்கள்.

"எங்கெங்கே பத்தல சார்?" என்று கேட்டாள்.

"எல்லா இடத்துலயும். வகுப்புல சொன்னாங்க. ஒருத்தன் சைட்டுக்குள்ள வந்தா சீக்கிரம் வெளியே போகக்கூடாது. ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம், அங்கேருந்து இன்னொண்ணுன்னு சுத்திக்கிட்டே இருக்கணும். எவ்வளவு நேரம் இருக்கானோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது."

"வீட்ல பூரான் ஓடறப்போ யாரு சார் சுத்திப் பார்ப்பாங்க?"

"லிங்க் இருந்தா பார்ப்பாங்க."

எழுத்தம்மா பொறுமையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். லிங்க் வைக்கலாம், தப்பில்லை, ஆனால் அந்த எழுத்தைப் பார்த்தாலே அது எங்கே போகும் என்று தெரிய வேண்டும் என்றாள். 'இங்கே அழுத்தவும்' என்று போட்டால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

"தெரியாததாலதான் அமுக்குவாங்க" என்றார் முதலாளி.

கண்ட இடத்தில் எல்லாம் வைத்தால் எது முக்கியம் என்று புரியாமல் போய்விடும் என்றாள். புரியாவிட்டால் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்ப்பார்கள் அல்லவா, அது இன்னும் நல்லது என்றார். வைத்த பிறகு ஒவ்வொன்றையும் நாமே ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நம்ம லிங்க்கை நாமளே சந்தேகப்படறதா?" என்று முதலாளி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

கடைசியாக அவள் வெகுநாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள். "மருந்து தெரியாம குழந்தை வாய்ல பட்டுட்டா என்ன செய்யணும்னு பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க. நல்லா இருக்கு. அதுக்கு ஒரு லிங்க் கொடுக்கலாமா சார்?"

"அடுத்தவங்க சைட்டுக்கா? நம்ம வீட்டுக்கு வந்தவங்களை நாமளே வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், அதோ பாருங்க அந்த வீடு இதைவிட நல்லா இருக்கும்னு காட்டச் சொல்றீங்களா?"

அதோடு நிற்கவில்லை. முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருந்த போன் நம்பர் அவர் கண்ணை உறுத்தியது. நம்பரைப் பார்த்த உடனே போன் பண்ணிவிடுகிறார்கள், போன் பண்ணிவிட்டால் சைட்டை மூடிவிடுகிறார்கள். அதனால் நம்பரை அங்கிருந்து எடுத்து, 'கரையான் புற்றின் உள்ளமைப்பு' என்ற பக்கத்தின் கடைசிப் பத்தியில் வைக்கச் சொன்னார். தேடிக் கண்டுபிடிக்கிறவன்தான் உண்மையான வாடிக்கையாளன் என்பது அவர் வாதம். எழுத்தம்மா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, சம்பளம் கொடுக்கிறவர் அவர் என்பதால் வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஆபீசில் அமைதி. முன்னறையில் போன் எடுக்கிற போன் அக்கா, போன் செத்துப்போய்விட்டதோ என்று அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் பழகிப்போய், பின்னறையில் மருந்து டின்களுக்கும் மூக்கு மூடிகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டாக்கி, அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். மருந்தடிக்கிற ஆட்களில் மூத்தவர், எல்லோருக்கும் மருந்து அண்ணன், வெளியே போக வேலை இல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்த, கரையான் அரித்த கதவுக் கட்டையை எடுத்துத் தூசி தட்டினார். அது அப்படியே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

"வேலை குறைஞ்சிருக்கே சார்" என்றாள் போன் அக்கா.

"லிங்க் பத்தல" என்றார் முதலாளி.

அந்தச் சனிக்கிழமை அவர் தானே களத்தில் இறங்கினார். லிங்க் வைக்கிறது எப்படி என்று எழுத்தம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அவள் செய்து காட்டினாள். எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டுமோ அதன் முகவரியைக் காப்பி பண்ண வேண்டும், பிறகு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு முகவரியை ஒட்ட வேண்டும்.

"ஒவ்வொரு லிங்க்குக்கும் புது முகவரி காப்பி பண்ணணும் சார். மறந்துட்டா பழசே ஒட்டும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

எல்லோரும் மதியம் வீட்டுக்குப் போன பிறகு முதலாளி தனியாக உட்கார்ந்தார். பழகிப் பார்க்க எலிகளின் வகைகளைச் சொல்லும் பக்கத்தின் முகவரியை எடுத்து, முதல் பக்கத்தில் 'எலி' என்ற சொல்லில் ஒட்டினார். சொல் நீலமாக மாறி, கீழே ஒரு கோடும் விழுந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்கப்புறம் கை நிற்கவில்லை. ஒட்டுவதில் இருந்த சந்தோஷத்தில் காப்பி பண்ணுவது என்ற ஒரு காரியம் இருக்கிறது என்பதே மறந்துபோனது. முதல் பக்கத்தை முடித்துவிட்டு 'எங்கள் கதை' பக்கத்துக்குப் போனார். அந்த ஒரு பக்கம்தான் அவரே எழுதியது. அதில் இருந்த ஒவ்வொரு நல்ல சொல்லையும் நீலமாக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

திங்கட்கிழமை எழுத்தம்மா பல் டாக்டரிடம் போய்விட்டுக் கன்னம் வீங்கின நிலையில் தாமதமாக வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். பக்கம் முழுக்க நீலமும் கோடுமாக, வரி போட்ட நோட்டு மாதிரி இருந்தது.

"சார், இதெல்லாம் ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்தீங்களா?" மரத்துப்போன வாயில் பாதி எழுத்து வழுக்கியது.

"அதெல்லாம் அப்புறம். இங்க வாங்க, சீக்கிரம் வாங்க."

முதலாளியின் அறையில் போன் அக்காவும் மருந்து அண்ணனும் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார்கள். வெப்சைட்டுக்குள் இந்த நிமிஷம் யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு ஏற்பாடு உண்டு. அதைத் திறந்து வைத்திருந்தார். திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில் 'எலிகளின் வகைகள்' என்று இருந்தது.

"காலையிலேருந்து இவர் நம்ம சைட்ல இருக்கார்" என்றார் முதலாளி, கோயிலுக்குள் பேசுகிற குரலில். "நான் வந்ததிலேருந்து பார்க்கறேன். வெளியே போகவே இல்ல."

புள்ளி 'முதல் பக்கம்' போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்ப 'எலிகளின் வகைகள்' வந்தது.

"எலி மேல நல்ல ஆர்வம்" என்றார் மருந்து அண்ணன்.

"குடோன் வெச்சிருக்கறவரா இருக்கும்" என்றார் முதலாளி. "பெரிய குடோன். ஆராய்ஞ்சு பார்க்கறார். சாதாரண ஆள் இவ்வளவு பொறுமையாப் படிக்க மாட்டான்."

புள்ளி 'எங்கள் கதை'க்குப் போனது. முதலாளி தலைமுடியைச் சரி பண்ணிக்கொண்டார். அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சட்டென்று எலிக்கு வந்தது. திரும்பக் கதைக்கு. திரும்ப எலிக்கு. கதைக்கும் எலிக்குமாக, அதுவும் வரவர வேகமாக.

எழுத்தம்மாவுக்கு வீங்கின கன்னத்தையும் மீறி ஒரு சந்தேகம் வந்தது. "சார், இவரு எதை அமுக்கினாலும் எலிக்கே வர்ற மாதிரி..."

முதலாளியின் செல்போன் அடித்தது. அவர் மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல. ஒரு பெரிய புள்ளி வந்திருக்கார், அப்புறம் பேசறேன்."

"அம்மா சாப்பாட்டு மேசை மேல ஏறி நிக்கறாங்க."

"எதுக்கு?"

"சமையலறையில எலி. காலையிலேருந்து மேலயே இருக்காங்க. போன் அடுப்பு மேடையில மாட்டிக்கிச்சாம், கையில அந்த டேப்லெட் கம்ப்யூட்டர் மட்டும்தான். நம்பர் எடுத்து மெசேஜ் போட்டு ஆள் அனுப்பச் சொல்லலாம்னு உங்க சைட்ல பார்த்தா நம்பரே கிடைக்கலையாம். எதைத் தொட்டாலும் எலி வருதாம். 'கீழே குனிஞ்சாலும் எலி, டேப்பைப் பார்த்தாலும் எலி, நான் எங்கே பார்க்க'ன்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. நான் வேலையை விட்டு வர முடியாது. நீங்க போங்க."

முதலாளி மெதுவாகத் திரையைப் பார்த்தார். பச்சைப் புள்ளி எலியிலிருந்து முதல் பக்கத்துக்கு வந்து, திரும்ப எலிக்குப் போனது. குடோன்காரர் யார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவருக்கும் மாமியாருக்கும் பேச்சு நின்று பல மாதம் ஆகியிருந்தது. எறும்புக்கு மருந்தடித்துத் தருகிறேன் என்று ஒரு நாள் தானே உரிமையோடு போனவர், மீன் தொட்டியை மூடாமல் அடித்துவிட்டார். எறும்பு பிழைத்துக்கொண்டது, மீன்கள் போய்விட்டன. இனிமேல் மாப்பிள்ளையிடம் ஒரு உதவி என்று வாய் திறக்க மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆனால் கம்பெனி மேல் அவருக்குக் கோபம் இல்லை. கம்பெனி நல்ல கம்பெனி, ஆள்தான் சரியில்லை என்பது அவர் கணக்கு. அதனால்தான் மகளுக்குக்கூடச் சொல்லாமல், ஊர் பேர் தெரியாத வாடிக்கையாளரைப் போல வெப்சைட் வழியாக வந்திருக்கிறார். கால் கடுக்க ஆரம்பித்த பிறகுதான் மானத்தை விட்டு மகளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்.

மருந்து அண்ணன் வேனை எடுத்தார். முதலாளி முன்னால் ஏறினார். எழுத்தம்மாவையும் வரச் சொன்னார். "லிங்க் பத்தி ஏதாவது கேட்டா நீங்க சொல்லணும்" என்றார். சண்டைக்குச் சாட்சி தேவைப்படுகிற மனுஷரின் முகம் அவருக்கு.

மாமியார் ஓய்வு பெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முப்பது வருஷம் மைக்கில் சொன்னவர். மைக் போய்விட்டது, குரல் போகவில்லை. வேன் வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து கேட்டது.

"கதவு திறந்திருக்கு. செருப்போட வரலாம். சமையலறை உங்களுக்கு இடது பக்கம். எலி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கு."

உள்ளே போனார்கள். சாப்பாட்டு மேசை மேல், நடுவில் இருந்த பூச்சாடியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, டேப்பை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி மருந்து அண்ணனிடம் பேசினார்.

"நான் கம்பெனியிலேருந்து ஆள் கேட்டேன். உறவுக்காரங்களைக் கேக்கல."

"நான் ஆள்தாம்மா. இவரு என்கூட வந்தவரு" என்றார் மருந்து அண்ணன், சமாதானமாக. ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அத்தை, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் நகர்கிற சத்தம் கேட்டது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கதவைத் தாண்டி, மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு, அலமாரிக்கு அடியில் போனது. எழுத்தம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் முதலாளி மேசை மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் பேசினது, எழுதினது, வகுப்புக்குப் போனது எல்லாம் உண்டு. எலியை நேரில் பார்த்தது இல்லை. அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. இப்போது தெரிந்தது.

மாமியார் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஓரத்துல உக்காராதீங்க. அந்தப் பக்கம் மேசை ஆடும்" என்றார். பல மாதத்துக்கப்புறம் அவர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான்.

முதலாளி காலை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. எழுத்தம்மா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழேயே உட்கார்ந்தாள். எலியைப் பற்றி அவ்வளவு எழுதிய பிறகு அதனிடம் பயப்பட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"சரி, வந்தது வந்துட்டீங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்று மாமியார் டேப்பை நீட்டினார். "'எங்களை அழைக்க இங்கே'ன்னு போட்டிருக்கு. எங்கே? நான் மைக்ல 'வண்டி இங்கே வரும்'னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஜனங்க தண்டவாளத்துல நின்னிருப்பாங்க."

"அதை அமுக்கினா தெரிஞ்சுடும் அத்தை."

"அமுக்கினேன். எலி வந்துச்சு. 'உடனடி உதவிக்கு'ன்னு இருந்துச்சு. அமுக்கினேன். எலி. 'எங்கள் சேவை'ன்னு இருந்துச்சு. எலி. சரி, இவங்க சேவையே எலி கொண்டு வந்து விடறதுதான் போலன்னு நெனச்சேன்."

முதலாளி எழுத்தம்மாவைப் பார்த்தார். எழுத்தம்மா வீங்கின கன்னத்தைத் தாங்கிக்கொண்டு சொன்னாள்: "காப்பி பண்ண மறந்துட்டீங்க சார். முதல்ல எடுத்த முகவரியே எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அது தெரியுமே" என்றார் மாமியார். "இன்னும் முக்கியமானதுக்கு நான் வரலை."

அவர் 'எங்கள் கதை' பக்கத்தைத் திறந்தார். மைக் இல்லாமலே வீடு முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"'இந்த நிறுவனம் ஒரு கார் கொட்டகையில் தொடங்கியது. அந்தக் கொட்டகையின் சாவியைக் கொடுத்தவர், நான் எதையாவது சாதிப்பேன் என்று யாரும் நம்பாதபோது நம்பியவர், என் மாமியார்.'" நிறுத்தினார். "'என் மாமியார்' நீலமா இருந்துச்சு. கோடு வேற போட்டிருந்துச்சு. நம்மளைப் பத்தித் தனியா ஒரு பக்கமே எழுதியிருக்கார் போலிருக்கேன்னு, எலியைக்கூட மறந்துட்டு, ஆசையா அமுக்கினேன்."

முதலாளி டேப்பை எட்டி மூடப் பார்த்தார்.

மாமியார் இப்போது 'என் மாமியார்' மேல் விரலை வைத்தார். பக்கம் மாறியது. அதையும் அதே குரலில் படித்தார்.

"'உருவம் சிறிதானாலும் மன உறுதி பெரிது. ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. நாள் முழுக்க எதையாவது பற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும். வயதானவை சந்தேகக் குணம் மிகுந்தவை. புதிதாக வைக்கப்படும் எதையும் முதலில் முகர்ந்து பார்த்து, அதில் குறை இருக்கிறதா என்று சோதித்த பிறகே தொடும்.'" டேப்பை மடியில் வைத்தார். "யார் எழுதினது இது?"

"நான்தாம்மா" என்றாள் எழுத்தம்மா, சுருங்கிப்போய். "எலியைப் பத்தித்தான் எழுதினேன்."

"நல்லா எழுதியிருக்கே. அதான் வருத்தமா இருக்கு."

சமையலறையிலிருந்து மருந்து அண்ணன் தலையை நீட்டி, அலமாரிக்கு அடியில் இருப்பதைத் தட்டி விரட்ட ஒரு துடைப்பம் வேண்டும் என்றார். மாமியார், பின்கட்டில் வலது பக்கம், வாளிக்கு அடுத்தது என்றார்.

முதலாளி மெதுவாக வாயைத் திறந்தார். "அத்தை, சத்தியமா வேணும்னு செய்யல. மேல இருக்கற வரிதான் நான் மனசார எழுதினது. கொட்டகை விஷயம்."

"நம்பினேன்னு யார் சொன்னது உங்களுக்கு? கார் வித்தாச்சு. கொட்டகை சும்மா கிடந்துச்சு."

"சாவி கொடுத்தீங்களே."

"கொடுத்தேன்." கொஞ்ச நேரம் பூச்சாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "இதை வாயால ஒரு தடவை சொன்னா என்ன?"

"வெப்சைட்ல போட்டேனே."

"மீனுக்கு மன்னிப்பும் கேக்கல."

"அதையும் போட்டேன் அத்தை. முதல் பக்கத்துல பாருங்க. 'மருந்தடிக்கும் முன் மீன் தொட்டியை மூடி வைக்கவும், இது எங்கள் அனுபவம்'னு இருக்கும்."

"பார்த்தேன். 'மீன் தொட்டி'யை அமுக்கினாலும் எலிதான் வருது."

எழுத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மரத்த வாயை மூட முடியாமல் கையால் மறைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே டேப்பை எட்டிப் பார்த்தவளின் கண்ணில் ஒன்று பட்டது.

"அம்மா, அந்த வரியைத் திரும்பப் பாருங்க. 'நான் எதையாவது சாதிப்பேன்'னு இருக்குல்ல? 'நான்' நீலமா இருக்கு பாருங்க."

மாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதலாளி பெருமையில் தன்னைக்கூட விடவில்லை. 'நான்' மேல் மாமியார் விரலை வைத்தார். உருவம் சிறிதானாலும் மன உறுதி பெரிது என்று வந்தது.

அவர் மேசை மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். திரும்ப மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடி, பூச்சாடி உருண்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அலமாரிக்கு அடியில் இருந்தது வெளியே பாய்ந்து, துடைப்பத்தோடு திரும்பி வந்து மருந்து அண்ணன் அங்கே பிடித்திருந்த பெட்டிக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"மாட்டிக்கிச்சு" என்றார் அவர். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். "எங்களை அமுக்கினா எது வருது?"

மாமியார் தேடினார். "'திறமை மிக்க எங்கள் பணியாளர்கள்.' அமுக்கறேன், இருங்க. எலிதான்."

"பரவால்லம்மா. ஒரே தொழில்ல இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வேனுக்குக் கொண்டுபோனார்.

மறுநாளே எழுத்தம்மா எல்லா லிங்க்கையும் கழற்றிவிட்டுப் புதிதாக வைக்கத் தொடங்கினாள். போன் நம்பரைக் கரையான் புற்றிலிருந்து மீட்டு முதல் பக்கத்தின் தலைக்குக் கொண்டுவந்தாள். ஒரு பத்தியில் ஒரு லிங்க், மிஞ்சினால் இரண்டு, மற்றதெல்லாம் கறுப்பு எழுத்து. அவள் ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க, மாமியார் வீட்டிலிருந்து டேப்பில் தட்டிப் பார்த்துப் போனில் முடிவு சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். ஆபீஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று போன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

"'வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்ல.' சரியான இடத்துக்குப் போகுது. அடுத்தது. 'கரையான் வந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி.' சரி. அடுத்தது. 'மேலும் படிக்க.' எதை மேலும்? தலையும் இல்ல, வாலும் இல்ல. மாத்துங்க."

ஆஸ்பத்திரிப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கலாமா என்று எழுத்தம்மா திரும்பவும் கேட்டபோது முதலாளி முனகினார். வந்தவர்கள் அப்படியே போய்விடுவார்கள் என்றார். ஸ்பீக்கர் பதில் சொன்னது.

"முப்பது வருஷம் நான் ஜனங்களை வெளியூருக்கு அனுப்பியிருக்கேன். வழியைச் சரியாச் சொன்னா திரும்ப நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வந்து இறங்குவாங்க. கொடுங்க."

கொடுத்தாள். 'மருந்து குழந்தையின் வாயில் பட்டுவிட்டால் செய்ய வேண்டியவை' என்று எழுதி, அது ஆஸ்பத்திரியின் பக்கம் என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்த பிறகு முதலாளி வழக்கம்போலப் பச்சைப் புள்ளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். புள்ளிகள் வந்தன. ஆனால் நிற்கவில்லை. முதல் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்துபோயின. அவருக்கு மனசு கனத்தது. ஒவ்வொரு புள்ளி மறையும்போதும் முன்னறையில் போன் அடிப்பதைப் போன் அக்காதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகும் அவர், "அதுக்காக ஒரு அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போகக்கூடாதா?" என்றார். போன் அக்காவுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இல்லை. மருந்து அண்ணனும் மற்ற ஆட்களும் விடிந்ததும் கிளம்பி, பஸ்ஸில் முதுகில் அடி வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் போய் வந்தார்கள்.

'எங்கள் கதை' பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. மாமியாரைப் பற்றின வரியில் கை வைக்கும் முன்னால் எழுத்தம்மா முதலாளியைக் கேட்டாள். அவர் யோசித்தார். இந்தத் தடவை ஏதாவது நல்ல இடத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ரயில் நிலையத்தின் படம் போடலாமா? ரோஜாத் தோட்டம்? கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமியாருக்கே போன் போட்டார்.

"அத்தை, 'என் மாமியார்'ங்கறதை எதோட இணைக்கட்டும்?"

"எதோடயும் வேண்டாம். என்னை அமுக்கிப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகுது? கறுப்பு எழுத்துலயே இருக்கட்டும்."

"சரி அத்தை."

"ஆனா 'நம்பியவர்'ங்கறதுக்கு முன்னால 'ஓரளவு'ன்னு ஒரு சொல் சேருங்க. வெப்சைட்ல பொய் எழுதக்கூடாது."

எழுத்தம்மா முதலாளியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் அந்தச் சொல்லைச் சேர்த்தாள். மாமியார் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு தடவை சத்தமாகப் படித்து, சரி என்றார்.